நரம்புப் பின்னல்: சுளுக்குமில்லை, வாதமுமில்லை

பினாங்கில் உறவுக்காரப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். குழந்தையின் வலது கை துவண்டு கிடந்தது. மிஸ்ஸி (தாதி) கொடுத்த தாளில் ‘பிராக்கியல் பிளெக்சஸ்’ காயம் என்றிருந்தது. பாட்டி சுளுக்கு என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார். பெரியப்பா ‘வாதம்’ என்று முணுமுணுத்தார்.

லத்தீனில் ‘பிராக்கியம்’ என்றால் மேற்கை, ‘பிளெக்சஸ்’ என்றால் பின்னப்பட்டது. தமிழில் புயநரம்புப் பின்னல் என்பார்கள். ‘புயம்’ வடமொழி வழி வந்தது. எனக்குத் ‘தோள்’ போதும். மூங்கிலைப் போன்ற தோள் என்று சங்கப் புலவர்கள் பாடியது மேற்கையையும் சேர்த்துத்தானே? ஆக, தோள் நரம்புப் பின்னல். ‘பின்னல்’ என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. கழுத்தருகே தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, பிரிந்து, மறுபடி மூன்று புரிகளாகக் கூடிக் கைக்குள் இறங்குகின்றன. பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் சிக்கினால் இந்தச் சடை இழுபடும்.

‘வாதம்’ ஏன் வேண்டாம்? இளம்பிள்ளைவாதம் என்றால் நமக்குப் போலியோ. கேட்ட மாத்திரத்தில் தாய் ஆடிப்போவாள்.

எந்த இழை இழுபட்டது என்பதைக் கையே காட்டிவிடும். மேல் வேர்கள் என்றால் தோளும் முழங்கையும் அசையாது. கை உள்பக்கம் திரும்பித் தொங்கும், விரல்கள் மட்டும் பற்றிக்கொள்ளும். இதற்கு எர்ப் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர். அவர் எழுதியது 1874இல். கீழ் வேர்கள் என்றால் பிடி இருக்காது. அதை 1885இல் விவரித்தவர் க்ளும்ப்கே என்ற பெண். அப்போது அவர் மருத்துவ மாணவி. குழந்தை திடுக்கிடும்போது இரண்டு கையும் சமமாக விரிகிறதா என்றும் பார்ப்பார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறையெலும்பு முறிந்தாலும் குழந்தை கையை அசைக்காது என்பதால் எக்ஸ்ரே எடுப்பதுண்டு. உருவிவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

“அப்போ சடை அவுந்துபோச்சா?” என்றார் பாட்டி, கிண்ணத்தைக் கீழே வைத்து.

இழுபட்டிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தேறிவிடும், அறுந்திருந்தால் தேறாது என்றேன். மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்குகிறதா என்று டாக்டர் பார்த்துக்கொண்டே இருப்பார்.