உறுமுகிற நாயை அதட்டாதீர்கள்

"பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது." நாய் வளர்க்கும் வீட்டின் கேட்டைத் திறக்கும்போதே இந்த வார்த்தை காதில் விழும். பெரியவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். அதே வீட்டில் தவழ்கிற, தத்தித் தத்தி நடக்கிற குழந்தை இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நம் ஊரில் நாய்க்கடி என்றால் தெருநாய்தான் பேச்சில் வரும். அதில் தவறும் இல்லை. ஆனால் வீட்டு நாய்கள் பெருகியிருக்கும் மேலை நாடுகளின் ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: சின்னக் குழந்தையைக் கடிப்பது பெரும்பாலும் அதற்கு நன்றாகப் பழகிய நாய். கடிக்கும் இடம், வீடு.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட, குழந்தைகளைக் கடித்த 103 நாய்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு முன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று எந்த மனிதரையுமே கடித்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு நாய்களின் வீட்டார் அவற்றை முறையான பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போனவர்கள். "இதுவரை யாரையும் கடிச்சதில்ல", "சொன்ன பேச்சு கேட்கும்" என்று நாம் அடித்துச் சொல்லும் இரண்டுமே அந்த நாய்களில் பலவற்றுக்கும் பொருந்தியிருக்கும். பழகிய குழந்தையைக் கடித்தவற்றில் முதலிடம் பிடித்த காரணம் சாப்பாடு. பாதி நாய்களுக்கு ஏதோ ஓர் உடல்நலக் கோளாறு இருந்தது, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது.

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்பதுதான் பெற்றோர் சொல்வது. நாயின் பக்கம் அது திடீர் அல்ல. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப் படிகளில் நாய் கொட்டாவி விடும், மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்ளும், கண்ணைச் சிமிட்டும். அடுத்து முகத்தைத் திருப்பும், உடம்பையே திருப்பும், முன்னங்காலைத் தூக்கும், எழுந்து போகும். போக வழியில்லை என்றால் காதைப் பின்னால் மடக்கிக் குறுகும், வாலைக் காலிடுக்கில் செருகும். அதற்கும் பலனில்லை என்றால் உடம்பு விறைக்கும், பார்வை ஓரிடத்தில் நிற்கும். பிறகு உறுமல். பிறகு காற்றில் ஒரு கவ்வல். கடைசிப் படிதான் கடி. எல்லாப் படிகளும் சொல்வது ஒன்றே: கொஞ்சம் தள்ளிப் போ.

இவற்றில் வீட்டார் தவறவிடக்கூடாதவை இரண்டு. ஒன்று விறைப்பு. மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி, அசையாமல் நின்றால் அதை "சமத்தா இருக்கு" என்று படிக்கிறோம். அப்போதுதான் அது மேல் படிகளுக்கு வந்திருக்கிறது. இன்னொன்று கண். தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் குழந்தைமேல் வைத்திருக்கும்போது விழியின் வெள்ளை பிறைபோலத் தெரியும். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் உங்கள் போனில் இருந்தால், குழந்தையை மறைத்துவிட்டு நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். மடங்கிய காது, மூடிய வாய், வெள்ளைப் பிறை மூன்றும் இருந்தால் அந்த நாய் கொஞ்சலை ரசிக்கவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஏணி குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் முகங்களைக் காட்டிச் சோதித்தபோது, பல்லைக் காட்டி உறுமும் முகத்தைப் பல குழந்தைகள் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டன. சிரிக்கிற முகத்தை நோக்கிக் குழந்தை இன்னும் நெருங்கிப் போகத்தானே செய்யும்! பெரியவர்களும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. வாலாட்டினால் நட்பு என்று நம்புகிறோம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களை வைத்துப் பார்த்ததில், எசமானரைக் கண்டபோது வால் வலப்பக்கம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, மிடுக்கான வேறொரு நாயைக் கண்டபோதும் ஆடியது, ஆனால் இடப்பக்கம் சாய்ந்து. வாலாட்டம் நாய் கிளர்ந்திருப்பதைத்தான் காட்டுகிறது. மகிழ்ச்சியா பதற்றமா என்பதற்கு முழு உடம்பையும் பார்க்க வேண்டும். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் நல்லது. வால் மேலே நிமிர்ந்து, நுனி மட்டும் விறைப்பாகத் துடித்தால் குழந்தையைத் தூக்கிவிடுங்கள்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய தவறுக்கு வருவோம். குழந்தை நெருங்குகிறது, நாய் உறுமுகிறது. வீட்டார் என்ன செய்வார்கள்? மூக்கில் ஒரு தட்டு, "ஏய்!" என்று ஓர் அதட்டல். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும். குழந்தைமேல் அதற்கு இருந்த அச்சமோ எரிச்சலோ அப்படியே இருக்கும். சொல்லப்போனால் கூடும், ஏனென்றால் குழந்தை பக்கத்தில் வந்தாலே அடி விழுகிறது என்று அது கற்றுக்கொள்கிறது. ஏணியின் நடுப்படியை நாமே உடைத்துவிட்டோம். அடுத்த முறை அது விறைப்பிலிருந்து நேராகக் கடிக்குத் தாவும். உறுமல் கேட்டால் செய்ய வேண்டியது இதுதான்: நாயை அதட்டாமல் குழந்தையைத் தூக்குங்கள், நாய் விலகிப் போக வழிவிடுங்கள், எதற்காக உறுமியது என்று குறித்து வையுங்கள். எலும்பா, படுக்கையா, தூக்கமா, காதைத் தொட்டதா? அந்தக் குறிப்புதான் அடுத்த கடியைத் தடுக்கும்.

நேற்று வாலைப் பிடித்து இழுத்தபோது சும்மா இருந்த நாய் இன்று தொட்டதற்கே ஏன் சீறுகிறது? பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கூடவே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அப்படியல்ல, வடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். முந்தையது வடிவதற்குள் அடுத்தது சேர்ந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வெடிச் சத்தம், தூக்கம் கெட்டிருக்கிறது. காலையில் உறவினர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். அறையில் நாலு பிள்ளைகளின் கூச்சல். அந்தச் சாயங்காலம் குழந்தை வந்து மேலே விழுவது ஐந்தாவது சுமை. விசேஷ நாட்களில் நாயைக் குழந்தைகளோடு விடாமல், தண்ணீரும் படுக்கையும் உள்ள தனி அறையில் வைப்பது தண்டனை ஆகாது. அதற்குத் தேவைப்படும் ஓய்வு அது.

ஆபத்து கூடும் பருவம் குழந்தையின் எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்குகிறது. அதுவரை தொட்டிலில் கிடந்தது இப்போது தரையில் தவழ்ந்து, நாயின் முகத்துக்கு நேராக, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வருகிறது. நாய்களின் வழக்கில் நேருக்கு நேர் வெறித்துப் பார்த்தபடி நெருங்குவது சவால். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். லேப்ரடாரின் தோள் உயரமே 55 முதல் 60. பெரியவருக்குக் கையிலோ காலிலோ விழும் கடி குழந்தைக்கு முகத்திலும் தலையிலும் விழுவது இதனால்தான்.

"நாங்க அங்கேயேதான் இருந்தோம்" என்பதும் அடிக்கடி கேட்பது. ஒரு கவ்வலுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. சோபாவில் இருப்பவர் கவனித்து, எழுந்து, இரண்டு மீட்டர் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே மேற்பார்வை என்றால் இருவருக்கும் நடுவில், கைக்கெட்டும் தூரத்தில், போனைக் கீழே வைத்துவிட்டு உட்காருவது. முடியாதபோது தடுப்பு. சமையலறை அல்லது ஓர் அறையின் வாசலில் 75 சென்டிமீட்டர் உயரக் கம்பித் தடுப்பு சின்ன நாய்க்குப் போதும். தாண்டக்கூடிய நாய் என்றால் ஒரு மீட்டர். குறுக்குக் கம்பி இருந்தால் குழந்தை ஏறும், ஆகையால் கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும். இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போனால் குழந்தையின் தலை சிக்கக்கூடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாயின் இடம். அங்கே குழந்தை போகவே கூடாது.

சங்கிலியில் கட்டிப் போடுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தைக்கு எட்டும் இடத்தில் கட்டியிருந்தால் அது நேர் எதிர். எழுந்து போவது என்ற படி நாய்க்கு இல்லாமல் போகிறது. மீதி இருப்பவை மேல் படிகள்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மூடிய கதவுக்குப் பின்னால் வையுங்கள், தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள், எலும்பை ஹாலில் போடாதீர்கள். பழக்குவதற்காக என்று சாப்பிடும் நாயின் தட்டில் கையை விட்டுக் கிளறுகிறவர்கள், மனிதக் கை வந்தால் சோறு பறிபோகும் என்பதைத்தான் அதற்குக் கற்பிக்கிறார்கள். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடமாடும் குழந்தையும் நாயும் ஒரே அறையில் வேண்டாம்.

தொடுவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நாய் தானாக வந்தால் மட்டும், குழந்தையின் கையை நீங்கள் பிடித்துக்கொண்டு நாயின் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவி, கையை எடுத்துவிடுங்கள். நாய் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு மூன்று விநாடி. அசையாமல் நின்றாலும் முகத்தைத் திருப்பினாலும் போதும் என்று பொருள். தூங்கும் நாயைத் தொடவே கூடாது.

நல்ல குணமுள்ள நாயின் குணம் மாறினால் முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம். லேப்ரடார் போன்ற தொங்கு காது நாய்களுக்குக் காதுப் புண் சகஜம். வயதான நாய்க்கு இடுப்பு, முழங்கால் வலி. படியேறத் தயங்குவது, தலையை உதறிக்கொண்டே இருப்பது, தூக்கும்போது முனகுவது எல்லாம் வலியின் அடையாளங்கள்.

எந்த இனம் நல்லது என்ற கேள்விக்கு அவ்வளவு இடம் தர வேண்டியதில்லை. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான மரபணு ஆய்வில், நாய்க்கு நாய் மாறும் நடத்தையில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. குட்டியின் 3 முதல் 12, 14 வாரம் வரையான பருவத்தில் அது குழந்தைகளை அச்சமில்லாமல் கண்டு பழகியதா என்பதைக் கேளுங்கள். உடல் பெரிதானால் காயம் பெரிதாகும் என்பது மட்டும் இனம் பார்க்க நியாயமான காரணம்.

பல் பட்டுவிட்டால், நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி உண்டு. தோலைத் துளைத்த காயம் என்றால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியும் சேரும். தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் என்றால் 14ஆம் நாளும் கூடும். முகத்தில் விழுந்த கடியை உடனே தைக்கச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகுதான் தையல். கடித்த நாயை அடித்து விரட்டவும் வேண்டாம். 10 நாள் கண்பார்வையில் வைத்துத் தீனி, தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். அது நலமாக இருந்தால், மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்ய அந்தத் தகவல்தான் தேவைப்படும்.