மலையில் இருப்பவர்களுக்குக் காப்பீட்டு அட்டை: எது கிடைக்கும், எது கிடைக்காது

நீலகிரியில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பல லைன் வீடுகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டோடு ஒரே கவரில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதைக் காட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காய்ச்சல், சளிக்குக்கூடத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இலவசமாயிற்றே, அட்டை எதற்கு என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் பெயரும் விதிகளும் மாறி, 2012 ஜனவரி 11 முதல் இன்றைய பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இது குடும்பம் மொத்தத்துக்குமான தொகை, தலைக்கு 5 லட்சம் இல்லை. பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பி வாழும் பெற்றோர். எல்லோர் பெயரும் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டுக் கார்டிலேயே இருக்கிறதா? அதை முதலில் மாற்றிவிடுங்கள். ஆபரேஷனுக்கு நிற்கும்போது அதற்காக அலைய முடியாது.

அடுத்தது வருமானம். முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றிருந்த வரம்பு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒருவருக்கு நாள்கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவர் சம்பளமே ஆண்டுக்கு 1,20,000 தொட்டுவிடும். புருஷனும் பெண்டாட்டியும் தேயிலைக் கொழுந்து எடுத்தால் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். எஸ்டேட் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது உண்மைதான். ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இதய ஆபரேஷன் செய்ய முடியாது. இந்த வரம்பை மலைக்கென்று தனியாக யோசித்திருக்கலாம் என்பது என் கருத்து. எப்படியும் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, வேலையில்லாத மாதங்களையும் தற்காலிக வேலையையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

அந்தச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊட்டியில் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பந்தலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ வருகிறவர்கள் கிளம்பும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் ஒரு நாள் கூலி வீணாகாது.

சரி, அட்டை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? பட்டியலில் உள்ள நோய்க்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பெரும்பாலும் இது செல்லும். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் ஆஸ்பத்திரியே காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்கும். அனுமதி வருவதற்குள் பணம் கட்டச் சொன்னால், அங்கே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரைத் தேடிப் பிடியுங்கள். இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. சில சிகிச்சைகளை அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், தனியாரில் கேட்டால் கிடைக்காது. புறநோயாளிச் சீட்டு, சாதாரணக் காய்ச்சல், கூட வருபவரின் சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் நம் கையிலிருந்துதான். கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியவர்களுக்கு இதுவே பெரிய தொகை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு அந்தப் பயணம் சிலருக்காவது குறைய வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் அட்டை ஏன் கேட்கிறார்கள்? நோயாளியிடம் பணம் வாங்க இல்லை. அங்கே செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கு வரும். அதைக் கொண்டு கருவி வாங்குவார்கள், வார்டைச் சரிசெய்வார்கள். அதனால் தயங்காமல் கொடுங்கள்.

கூடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவசரம் என்றால் கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கோ பெரிந்தல்மண்ணாவுக்கோ ஓடுவதுதான் அங்கே வழக்கம், தூரமும் குறைவு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி நம் பட்டியலில் இல்லையென்றால் அட்டை அங்கே செல்லாது. அட்டையை நம்பி வண்டி ஏறும் முன் அதே இலவச எண்ணில் கேளுங்கள். இன்னொன்று, காப்பீடு கூடலூருக்கு அரசு கொண்டுவந்த புதுச்சரக்கு இல்லை. அங்குள்ள பழங்குடி மக்களின் அமைப்பான ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்காக 1992-லேயே அங்கே ஒரு காப்பீடு இருந்தது. உறுப்பினர்களும் தங்கள் பங்காகக் கொஞ்சம் பணம் போட, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் எல்லாம் அதில் சேர்ந்திருந்தார்கள்.

அப்புறம், அட்டை தொடாத பகுதி ஒன்று இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை மாதா மாதம் வேண்டும், அதற்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்காகத்தான். மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுப்பார். இயன்முறைச் சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பும் உண்டு. 2024-இல் இதற்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. உங்கள் ஹட்டிக்கோ (படகர் ஊர்) லைனுக்கோ யாரும் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

எல்லோருக்கும் மருத்துவம் என்பதையும் அடுத்த பெருந்தொற்றுக்குத் தயாராவதையும் உலக மேடைகளில் இப்போது சேர்த்தே பேசுகிறார்கள். 2025 மே 20 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. ஆசியாவில் தாய்லாந்தைத்தான் அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். 2002-இல் 30 பாட் கட்டணத்தில் எல்லோருக்கும் சிகிச்சை கொடுத்த நாடு, கொரோனா வந்தபோது பத்து லட்சம் கிராமத் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்பியது. நம்மூரிலும் அப்படித்தான். கொரோனா சமயத்தில் அட்டைதாரர்களின் தனியார் ஆஸ்பத்திரிச் சிகிச்சையை இந்தக் காப்பீட்டில் சேர்த்தார்கள். ஆனால் நோய் வந்திருப்பதை முதலில் கண்டுபிடிப்பது காப்பீட்டு நிறுவனம் இல்லை, துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான். எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று அவர் பதிந்து அனுப்பும் கணக்கு மாவட்டத்துக்கும் அங்கிருந்து மேலேயும் போகிறது. ஒரே லைனில் நாலைந்து பேருக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கணக்கில்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டால் தெரியாது.

நமக்கு இது அவசியம். பக்கத்துக் கேரளத்தில் 2018-இல் கோழிக்கோட்டில், வௌவாலிடமிருந்து மனிதருக்குப் பரவும் நிபா காய்ச்சல் வந்தது, அதன் பிறகும் வந்திருக்கிறது. குரங்குக் காய்ச்சல் 2015-இல் வயநாட்டில் பரவியது. அது உண்ணிக் கடியால் வருவது, காட்டில் குரங்குகள் சாவது அதற்கு முதல் அடையாளம். ஆகவே தோட்டத்து ஓரத்திலோ காட்டுப் பாதையிலோ குரங்கு செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள், புதைக்கவும் வேண்டாம். வனத்துறைக்கோ நர்ஸம்மாவுக்கோ உடனே சொல்லுங்கள். அணில், வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை இருந்தும் சிகிச்சை மறுத்தாலோ பணம் பிடுங்கினாலோ ரசீதை விடாதீர்கள். முதலில் அதே இலவச எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லையா, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். இந்தத் திட்டத்தின் புகார்களைப் பார்க்கும் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். மனுவோடு அட்டை நகல், ரசீது, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் இணைத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.