டம்ளரைத் தேர்ந்தெடுக்கும் முன்: பானத்தின் சூடும் புளிப்பும்

உணவகச் சமையலறைப் பணியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். எந்தப் பானத்தை எந்த டம்ளரில் ஊற்றலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அந்தப் பானம் எவ்வளவு சூடானது, எவ்வளவு புளிப்பானது என்பதைத்தான். டம்ளரின் வடிவமும் அழகும் அதற்குப் பின்னர் பார்க்க வேண்டியவை.

தடித்த கண்ணாடி டம்ளர்தான் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் காப்பியைத் தாங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. சூடு பட்டவுடன் உட்புறம் விரிகிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் தடித்த சுவரின் வெளிப்புறம் அதே நொடியில் குளிர்ந்தே இருக்கிறது. இந்த இழுபறியைத் தாங்காமல்தான் கனத்த டம்ளரின் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று விழுகிறது. தேநீர்க் கடைகளில் டீ மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுவது இந்த வகையிலும் நல்ல பழக்கம். சூடான கிளாஸை உடனே குளிர்ந்த நீரில் போடுவது இன்னும் ஆபத்தானது. போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விரியும் என்பதால், அடிக்கடி சூடான பானம் அருந்துவோருக்கு அதையே பரிந்துரைக்கிறேன். விளிம்பு சிதைந்த கிளாஸ் எந்த வகையானாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

புளிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் செம்பும் பித்தளையும் இப்போது மீண்டும் வீடுகளுக்குள் வருகின்றன. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளப்பது ஏன்? புளியில் உள்ள அமிலம் மேற்பரப்பின் களிம்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ புளிப் பானகத்தையோ செம்பு டம்ளரிலோ, செம்பு கலந்த பித்தளை டம்ளரிலோ ஊற்றி வைத்தால் அதே வேலைதான் நடக்கும். கரைந்த செம்பு வயிற்றுக்குள் போகும். குமட்டலும் வாந்தியும் அதன் முதல் அறிகுறிகள். செம்புக் குடத்துத் தண்ணீரில் காலையில் எலுமிச்சையைப் பிழிந்து அதே செம்பு டம்ளரில் குடிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, தண்ணீரைக் கண்ணாடிக்கு மாற்றிய பிறகு பிழியுங்கள் என்பதுதான். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

பால் புளிப்பானதன்று, ஆனால் அதன் புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலை இளங்குழந்தைகளுக்குக் கொடுத்ததற்கும் இந்தியக் குழந்தைகளைத் தாக்கிய ஒருவகைக் கல்லீரல் இறுக்க நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. ஆகவே பித்தளை டபராவில் காப்பி குடிக்க விரும்புவோர் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபூச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். பூசுகிறவர் நம்பகமானவராக இருப்பது முக்கியம், ஏனெனில் நச்சு உலோகமான காரீயம் கலந்த மலிவுப் பூச்சைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது.

எவர்சில்வர் டம்ளர் பெரும்பாலான பானங்களுக்குப் போதும். உப்புப் போட்ட மோரை மட்டும் மலிவான எஃகில் இரவு முழுவதும் வைக்காமலிருப்பது நல்லது.

காகிதக் கோப்பையைப் பாதுகாப்பானது என்று எண்ணுவோருக்கு ஒரு தகவல். அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல், 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடான 100 மில்லி நீரைக் காகிதக் கோப்பையில் 15 நிமிடம் வைத்தபோது ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்ததாகக் கண்டறிந்தனர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் அலுவலகக் கூட்டங்களில் இன்றும் அவற்றைப் பார்க்கிறேன். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைப்பது எந்த அலுவலகத்துக்கும் பெரிய செலவன்று.

வண்ணச் சித்திரம் தீட்டிய கண்ணாடி டம்ளர்களை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வாங்கும்போது, சித்திரம் வாய் படும் விளிம்புக்குக் கீழே குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் தள்ளியே தொடங்குகிறதா என்று பாருங்கள். சில வண்ணங்களில் காரீயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். நிறம் உரியத் தொடங்கிய டம்ளரைப் பேனா வைக்கப் பயன்படுத்தலாம், பால் ஊற்ற வேண்டாம்.