குழல்முனை நட்டு கழலவில்லையா? பழைய ரிவால்வர் வைத்திருப்போர் கவனத்திற்கு

குழல்முனை நட்டு (குழல்வாய்ப் பக்கத்தில் குழலை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) கழலவில்லை என்று என் பட்டறைக்கு வரும் பழைய ரிவால்வர்களில், துரு செய்த சேதத்தைக் காட்டிலும் அந்த நட்டைக் கழற்றப் பார்த்தவர்கள் செய்த சேதமே பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. துருவை ஊறவைத்து இளக்கிவிடலாம். பைப் ரிஞ்சின் பல் பதிந்த, குழலை மூடிய உறையையும், உளி வைத்துத் தட்டியதில் சிதைந்த நட்டையும், வைஸில் நெரிந்து கோணிய உடற்பகுதியையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எல்லா நேரமும் முடிகிற காரியம் அன்று. மதுரையிலும் சுற்றியுள்ள தேனி, திண்டுக்கல், விருதுநகர் பகுதிகளிலும் உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், நட்டில் ஸ்பேனரை வைக்கும் முன்பு அறிந்திருக்க வேண்டியவற்றை, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்கள் முதல் மலைத்தோட்டக்காரர்கள் வரை நம் பக்கத்தில் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை, கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வரோ, அதற்கு முன்மாதிரியாக இருந்த பிரிட்டிஷ் வெப்ளியோதான். இவை மேலுள்ள கொக்கியை விடுவித்தால் கீலில் மடங்கித் திறப்பவை. இவற்றின் குழல்முனையில் கழற்றுகிற நட்டு எதுவும் இல்லை. உரிமையாளர் குழலைக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. இது தெரியாமல் குழல்வாய் விளிம்பை நட்டு என்று எண்ணிக் குறடு போட்டுத் திருகிய துப்பாக்கியையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த வகையில் இறுகிக்கொள்வது கீல் ஆணியைப் பூட்டும் திருகு. ஊறவைத்தல், பொருத்தமான கருவி, பொறுமை என்று கீழே சொல்பவை அதற்கும் பொருந்தும்.

குழல்முனையில் உண்மையாகவே நட்டு உள்ளது டான் வெஸ்ஸன் ரிவால்வரில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் ஒருவரின் கொள்ளுப்பேரர், 1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மான்சன் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. கார்ல் லூயிஸ் என்பவர் வகுத்த வடிவமைப்பு அதன் தனிச்சிறப்பு. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுவதற்கு முன் இந்தியாவுக்குள் வந்தவற்றில் சில இன்றும் குடும்பங்களில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கையில் அரிதானாலும், வந்தால் சிக்கலோடுதான் வருகின்றன.

வழக்கமான ரிவால்வரில் தடித்த குழல் ஒரே துண்டாக உடற்பகுதியில் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். டான் வெஸ்ஸனில் குழல் என்பது இரு முனையிலும் மரை வெட்டிய மெல்லிய எஃகுக் குழாய். அதன் பின்முனையை உடற்பகுதிக்குள் கையாலேயே திருகி, அதன்மேல் உறையைச் செருகி, முன்முனையில் நட்டைப் போட்டு இறுக்கினால், உறை உடற்பகுதியோடு அழுந்தி உட்கார, உள்ளே இருக்கும் குழல் வார் இழுத்துக் கட்டிய மிருதங்கம்போல இழுபட்டு நிற்கும். இந்த இழுவிசை குறிக்குத் துல்லியம் தருகிறது என்பதோடு, இரண்டரை அங்குலக் குழலை எடுத்துவிட்டு ஆறங்குலக் குழலைப் பொருத்தும் வசதியையும் உரிமையாளருக்குத் தந்தது. தொடக்ககால மாதிரிகளில் நட்டு உறைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்னர் வந்தவற்றில் அது உறைக்குள் பதிந்திருக்கும், திருப்புவதற்கு எதிரெதிரே இரண்டு வெட்டுகள் மட்டுமே தெரியும். சிக்கல் மிகுந்தது இந்தப் பதிந்த நட்டுத்தான். அதற்கென உள்ள ஸ்பேனர், குழல்வாய்க்குள் நுழைந்து நடுவில் நிற்கும் முனையையும் இரண்டு பற்களையும் உடையது. பெட்டியோடு வந்த அந்த ஸ்பேனர் வீட்டில் எங்கோ தொலைந்துபோயிருப்பதில்தான் பெரும்பாலான கதைகள் தொடங்குகின்றன.

நட்டு ஏன் பிடித்துக்கொள்கிறது? அது இருக்கும் இடம் அப்படி. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெடிமருந்துக் கரியும் ஈயத்துகளும் குழல்வாய் வழியாக வெளியேறுகையில் ஒரு பகுதி நட்டின் மேலேயே படிகிறது. அந்தக் கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மரைகளுக்கிடையே உண்டாகும் துரு ஆப்பு அடித்ததுபோல நட்டை இறுக்கிவிடுகிறது. மதுரை வெயில் ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஈரம் போதும். கொடைக்கானல் சரிவுகளிலும் போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் ஆண்டில் பல மாதங்கள் இதே நிலைதான்.

தோலுறையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தோலுறை இடுப்பில் மாட்டிச் செல்வதற்கே உரியது, அதில் போட்டுச் சேமித்து வைப்பதற்கு அன்று. பதனிட்ட தோலில் தங்கியிருக்கும் உப்பும் அமிலமும், அது உறிஞ்சி வைத்திருக்கும் ஈரமும் எஃகை அரிக்கும். குழல்முனை தோலுறையின் அடியில் போய் நிற்பதால் வியர்வையும் அழுக்கும் அங்கேயே சேரும். 2024 மக்களவைத் தேர்தலின்போது மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடத்தை விதிகள் நடப்பில் இருந்தன. உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் இத்தகைய காலங்களில் அதை ஒப்படைக்கப் போகிறவர்கள் வழக்கமாகத் தோலுறையோடுதான் கொடுக்கிறார்கள், திரும்பப் பெற்றதும் திறந்துகூடப் பார்க்காமல் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஒப்படைக்கும் முன் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, துணியுறையில் இட்டுக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் அது சிக்கடித்துப் பிசுக்காகி, தூசியைப் பிடித்து மரைக்குள் களிம்பாக உட்காரும். துப்பாக்கி எண்ணெய் இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெயே மேல்.

போடி பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த டான் வெஸ்ஸன் நினைவுக்கு வருகிறது. தந்தை காலமானதும் சட்டப்படி ஒப்படைத்து, மகனுக்கு உரிமம் கிடைத்துக் கைக்கு வந்தபோது நட்டு அசையவில்லை. தெரிந்த லேத் பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே பஞ்ச் எனும் இரும்பு முளையும் சுத்தியலும் கொண்டு வெட்டுகளில் தட்டிச் சுழற்றப் பார்த்ததில், ஒரு வெட்டின் ஓரம் மடிந்து குழல்வாய்ப் பக்கம் சாய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் முடியும் விளிம்பிலேயே பஞ்ச் வழுக்கிய கீறல் தெரிந்தது. குண்டு குழலை விட்டு நீங்கும் கடைசி இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் மட்டும் சிதைந்தால், பின்னாலிருந்து தள்ளும் வாயு ஒருபுறம் முந்தி வெளியேறிக் குண்டின் போக்கைத் திருப்பிவிடும். அடுத்ததாக, குழல்முனையைக் கொஞ்சம் கடைந்து எடுத்துவிடலாம் என்றும் அந்தப் பட்டறையில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளையாக அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நல்லவேளை என்று சொல்வது குழலுக்காக மட்டும் அன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். குழலின் நீளத்தைக் குறைப்பதற்கு 6-ஆம் பிரிவு தனியாக உரிமம் கேட்கிறது. லேத் வேலையில் ஒருவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்த உரிமம் இல்லாமல் உங்கள் துப்பாக்கியைத் தொட்டால், அவரும் நீங்களும் சேர்ந்தே சிக்கலில் மாட்டுவீர்கள். துருவை எமரித் தாள் போட்டுத் தேய்ப்பதிலும் இதே அபாயம் உண்டு. உடற்பகுதியில் பொறித்த எண் தேய்ந்து அழிந்தால், 8-ஆம் பிரிவின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, அதை அழித்தவர் துப்பாக்கியை வைத்திருப்பவரே என்றுதான் கொள்ளப்படும். துப்பாக்கியை நீங்களே கொண்டுவர இயலாவிட்டால், உரிமதாரரின் எழுத்துபூர்வ அனுமதியோடு வேறொருவர் பழுதுபார்ப்பதற்காக எடுத்துவரச் சட்டம் இடம் தருகிறது; வாய்ச்சொல் போதாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். தோட்டாக்கள் நிற்கும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் தடவிப் பாருங்கள். குழலில் பழைய குண்டு ஏதேனும் சிக்கி நிற்கிறதா என்று ஒரு மரக்குச்சியை முழு நீளமும் செலுத்திச் சோதியுங்கள். இந்த நட்டைத் திருப்புகிறவரின் கையும் முகமும் குழல்வாய்க்கு நேரே வருவதால் இதில் சலுகையே இல்லை. பிறகு, உரிய ஸ்பேனர் இருந்தால், குழல்வாயை நோக்கியபடி இடப்பக்கமாக, கைவிசையால் மட்டும் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஊடுருவும் எண்ணெயை நட்டின் விளிம்பில் சொட்டு சொட்டாக விட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நெம்புகோலை நீட்டுவதும், கேஸ் அடுப்பில் காட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

பட்டறையிலும் நாங்கள் செய்வது மந்திரம் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் காத்திருப்புத்தான். மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, குழல்வாய் மேலே பார்க்க நிறுத்தி, நட்டைச் சுற்றிய பள்ளத்தில் படிந்த கரியைப் பித்தளை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் விடுவோம். கரியை எடுக்காமல் விட்ட எண்ணெய் மேலேயே நிற்கும், மரைக்குப் போகாது. ஒரு நாளோ சில நாட்களோ, இடையிடையே எண்ணெய் விட்டு, சிறு பித்தளைச் சுத்தியலால் நட்டின் முகத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், அதிர்வில் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி விடும். முன்பு யாரேனும் மரைப் பசை (நட்டு தானாகக் கழலாமல் ஒட்டவைக்கும் பசை) போட்டிருந்தால் மட்டும், எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு, அளந்த சூட்டைக் கொடுப்போம். திறந்த தீயைக் காட்டினால் எஃகின் பதமும் நீலப் பூச்சும் போய்விடும். வைஸில் பிடிக்கும்போதும், உறையின் வடிவத்திற்கேற்பக் குடைந்த மரக்கட்டைகளுக்கிடையே உறையைத்தான் பிடிப்போமே தவிர உடற்பகுதியைப் பிடிப்பதில்லை.

நட்டைத் திருப்பும்போது சில நேரம் நட்டு தனியாகக் கழலாமல், குழலும் சேர்ந்து சுழலத் தொடங்கும். இதைக் கண்டு பதறி எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது குழலின் பின்முனை சிலிண்டரில் முட்டி அதன் முகத்தைக் கெடுத்துவிடக்கூடும். உண்மையில் இது நல்ல செய்தி. இரு முனை மரைகளும் ஒரே திசையில் கழல்பவை என்பதால், சிலிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்து இடப்பக்கமே திருப்பினால், குழல், உறை, நட்டு மூன்றும் ஒன்றாகவே உடற்பகுதியை விட்டு வெளியே வந்துவிடும். உடற்பகுதிக்கு இனி ஆபத்து இல்லை. வெளியே வந்த துண்டை முழுவதுமாக எண்ணெயில் அமிழ்த்தி நிதானமாகப் பிரிக்கலாம். அப்போதும் பிரியாவிட்டால் நட்டை அறுத்தெடுத்துப் புதிய நட்டைப் போடுவது நல்லது. நட்டு மாற்றக்கூடிய உறுப்பு, குழல் அப்படியன்று.

திரும்பப் பொருத்துவதில் ஓர் அளவு மட்டும் தவறக் கூடாது. சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே 0.006 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை வைத்த கணக்கு. அந்தத் தடிமன் கொண்ட தகட்டைப் பெட்டியோடு கொடுத்தார்கள். குறைந்தால் சில குண்டுகள் சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் சுழலாமல் நிற்கும். கூடினால் பக்கவாட்டில் சூடான வாயுவும் ஈயத்துகளும் தெறித்து, பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் சுடுபவரின் விரலையும் பதம் பார்க்கும். நட்டை இறுக்கியதும் குழல் இழுபடுவதால் இந்த இடைவெளி சற்று மாறும். ஆகவே இறுக்கிய பின் மீண்டும் தகட்டைச் செருகி, ஒரே ஓர் அறையோடு நிறுத்தாமல் ஆறு அறைகளுக்கும் சிலிண்டரைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மரையில், நட்டு பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் களிம்பைத் துளி தடவி, உரிய ஸ்பேனரால் கைவிசை அளவுக்கு இறுக்கினால் போதும். சுட்டு முடித்துச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் நட்டை ஒரு தடவை கழற்றித் துடைத்துப் போடுகிற வீடுகளிலிருந்து இந்த வேலை என்னிடம் வருவதில்லை.