மேட்டில் நிற்கும் பீரங்கிக்குப் பள்ளம் ஏன் தெரிவதில்லை?

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில் பாயை விரித்து வாட்டர்லூ போர் விளையாட்டைப் பரப்பிவிடுவோம். அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், அதன்மேல் நகரும் அட்டைக் காய்கள். போன வாரம் அக்கா மகன் பீரங்கியை 4ஆம் மட்ட மேட்டில் ஏற்றினான். 10 கட்டம் தள்ளி, அடிமட்டத்தில் என் காலாட்படை. நடுவே 2ஆம் மட்டத்தில் ஒரு மேடு. "சுட முடியாதுடா, மறைக்குது" என்றேன்.

"அந்த மேடு ரெண்டுதான் மாமா. நான் நாலுல நிக்கிறேன். எப்படி மறைக்கும்?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அதிகம் வாக்குவாதம் வருவதே எந்தக் காய்க்கு எது தெரியும் என்று சொல்லும் இந்தப் பார்வைக்கோட்டு விதியில்தான். தடை தாழ்ந்த காய்க்குப் பக்கத்தில் இருந்தால் மறைக்கும், உயர்ந்த காய்க்குப் பக்கத்தில் இருந்தால் மறைக்காது என்று விதிப்புத்தகம் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தேன். ஒரு முனையில் நான்கு நெருப்புப்பெட்டிகளை அடுக்கி, அதன் உச்சியிலிருந்து நூலை இழுத்து மறுமுனையைப் பாயோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு நெருப்புப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலுக்கடியில் நகர்த்தினேன். அடுக்குக்குப் பக்கத்தில் இருந்தவரை தாராளமாக இடம் இருந்தது. பாதி தூரத்தில் நூல் தொட்டது. அதைத் தாண்டியதும் பெட்டி நூலைத் தூக்கிவிட்டது.

கணக்கும் இதேதான். பீரங்கிக்கும் இலக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் 4, தூரம் 10 கட்டம். மேடு இலக்கிலிருந்து 3 கட்டத்தில் இருந்தால், அந்த இடத்தில் நூலின் உயரம் 4 × 3 ÷ 10, அதாவது 1.2. மேடோ 2. மறைக்கிறது. அதே மேடு இலக்கிலிருந்து 7 கட்டம் தள்ளியிருந்தால் நூல் 2.8இல் போகும், தாராளமாகச் சுடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது. தூரத்தைக் கட்டங்களாக எண்ண முடிவதற்கு அறுகோணமே காரணம். அடுத்த கட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் தூரம் ஒன்றே. சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் போனால் அது 1.41 ஆகிவிடும்.

இதைவிடக் குழப்புவது மேட்டுவிளிம்பு விதி. சமதளமான மேட்டில், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் காய்க்கு அடிவாரம் தெரியாது என்கிறது அது. எங்கள் தோட்டத்தில் மேல் றோட்டில் நின்றால் எதிர்மலையில் லயக்கூரைகளை எண்ணலாம். காலடியில் சரிந்து போகும் மலையில் கொழுந்தெடுப்பவர்கள் தெரியமாட்டார்கள், பேச்சுச் சத்தம் மட்டும் ஏறி வரும். ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பிலும் இதே கதைதான். விளிம்பிலிருந்து 10 மீட்டர் பின்னால் நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். பார்வை 10 மீட்டருக்கு 1.5 மீட்டர் வீதம் இறங்கும். விளிம்பிலிருந்து 300 மீட்டர் தாழ்ந்த நிலத்தில் அது விழுவது 2 கிலோமீட்டருக்கு அப்பால். அதற்கு இப்பால் உள்ளது எதுவும் கண்ணில் படாது. விளையாட்டு இதைச் சில கட்டங்களாகச் சுருக்கி, அங்கே பார்வை இல்லை என்று மட்டும் சொல்கிறது.

1815 ஜூன் 18இல், நிஜ வாட்டர்லூ போரில், நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் இதைத்தான் பயன்படுத்தினார். மோன்-சேன்-ஜான் மேட்டின் முகட்டில் பீரங்கிகளை நிறுத்தி, காலாட்படையில் பெரும்பகுதியைப் பின்சரிவில் மறைத்துவைத்தார். நெப்போலியனின் பீரங்கிகளுக்குத் தெரிந்தது முகடு மட்டுமே. முந்தைய இரவு மழையில் நிலமும் ஊறிக் கிடந்ததால், தெறித்துப் பாய வேண்டிய குண்டுகள் பல சேற்றில் புதைந்தன.

ஒளிவதற்கு ஒரு விலையும் உண்டு. நூலுக்கு இரண்டு முனை. அங்கிருந்து இங்கே தெரியாவிட்டால் இங்கிருந்தும் அங்கே தெரியாது. மருமகன் இதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த முறை பீரங்கியை விளிம்புக்கே நகர்த்திவிட்டு, நூலைத் தானே இழுத்து, என் பக்க மேட்டில் எந்தெந்தக் காய்க்கு அந்தப் பீரங்கி தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.