மடக்கு நாற்காலியில் இருப்பவர் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்?

அரிசோனாவில் ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. கல்லூரிக் கோச்சுகள் பள்ளி வயது ஆட்டக்காரர்களைப் பார்க்க வரும் ‘ஷோகேஸ்’ போட்டி. ஒரே வளாகத்தில் இருபதுக்கும் மேல் கால்பந்து மைதானங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டோரம் பெற்றோர், எதிர்க்கோட்டோரம் மடக்கு நாற்காலியில் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு கோச்சுகள். எங்கள் கல்லூரியின் பெண்கள் அணிக் கோச்சுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் கோச் இல்லை. ஒரு சிறிய தனியார் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவள். விளையாட்டுத் துறை அனுப்பும் பெயர்களை எடுத்து, அவர்களின் மதிப்பெண்களைப் படித்து, ‘இவர் தேறுவார், இவர் கஷ்டம்’ என்று சொல்வது என் வேலைகளில் ஒன்று. இந்தப் பெயர்கள் எங்கிருந்துதான் வருகின்றன, ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமே என்று கோச்சோடு கிளம்பிப் போயிருந்தேன்.

பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கோச் எழுந்து நாற்காலியை மடக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு அப்பா மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். கையில் இரண்டு காபிக் கோப்பைகள். என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, “மேடம், தமிழா நீங்க? நாங்க டல்லாஸ் பக்கம், பிளேனோ. பொண்ணு பத்தாவது படிக்கிறா, 17ஆம் நம்பர்,” என்றார். ஒரு கோப்பையைக் கோச்சிடம் நீட்டினார். கோச்சின் முகம் மாறிவிட்டது. பத்தாம் வகுப்பு முடியும்வரை கல்லூரிக்கு வெளியே வைத்து மாணவியிடமோ பெற்றோரிடமோ ஆள்சேர்ப்பு பற்றிப் பேச, கல்லூரி அணிகளைப் பிரித்திருக்கும் மூன்று டிவிஷன்களில் எங்களுடையதில் அனுமதி கிடையாது. அவர் ஒரு புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டு அடுத்த மைதானத்துக்கு நடந்தார். நம் ஊர்ப் பழக்கத்தில் அது மரியாதைக்குக் கொடுத்த காபி. வாங்காமல் போனது அந்த அப்பாவின் மனதைச் சுட்டிருக்கும். பிறகு நான்தான் விதியைச் சொல்லி அந்தக் காபியைக் குடித்தேன்.

அன்று கோச்சின் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் 31 பெயர்கள், ஜெர்சி எண், மைதான எண், ஆட்ட நேரம். 17ஆம் எண் அதில் இல்லை. மூன்று நாளும் அவர் அந்தத் தாளின்படிதான் நடந்தார். புதிதாகச் சேர்ந்தவை இரண்டே பெயர்கள். அதில் ஒருத்தி, தாளில் ஏற்கெனவே இருந்த ஒரு முன்களப் பெண்ணை, கோச் பார்த்த நேரம் முழுக்க நகரவிடாமல் மறித்த பின்களக்காரி. இப்போது தனியாக ஆலோசகர் வேலை பார்க்கிறேன். வரும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரிடமும் முதலில் சொல்வது இந்தத் தாளின் கதையைத்தான். ஷோகேஸுக்குக் கோச்சுகள் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த பெயர்களைச் சரிபார்க்க. ஆயிரம் பிள்ளைகளில் ஒரு முத்தைத் தேடி எடுக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. “200 கல்லூரிக் கோச்சுகள் வருகிறார்கள்” என்று பிள்ளை ஆடும் கிளப்பின் விளம்பரம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் பிள்ளையின் மைதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு கணக்கு.

சரி, அந்தத் தாளில் பெயர் ஏறுவது எப்படி? பிள்ளை எழுதும் மின்னஞ்சலால். அப்பா எழுதுவதால் அல்ல. பிள்ளையின் பெயரில் அப்பா எழுதியதைக் கோச்சுகள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பதினாறு வயதுப் பெண் எவளும் “தங்களின் மேலான கவனத்துக்கு” என்று தொடங்கமாட்டாள். ஷோகேஸுக்கு இரண்டு வாரம் முன்பு, உண்மையிலேயே சேர விரும்பும் பதினைந்து இருபது கல்லூரிகளுக்கு மட்டும் எழுதினால் போதும். பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், கிளப், ஜெர்சி எண், ஆட்ட அட்டவணை, மதிப்பெண் சராசரி, மூன்று நான்கு நிமிட வீடியோவுக்கு இணைப்பு. வீடியோவில் முதல் அரை நிமிடத்திலேயே நல்ல ஆட்டம் வந்துவிட வேண்டும். இசை, ஸ்லோ மோஷன், பெயர் பறந்து வரும் அலங்காரம் எதுவும் வேண்டாம். பிறந்த ஆண்டைவிடப் பள்ளி முடிக்கும் ஆண்டுதான் முக்கியம். 2016 வாக்கில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு காலண்டர் ஆண்டுப்படி வயதுப் பிரிவுக்கு மாறியதில், ஒரே அணியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கலந்துவிட்டார்கள். 2026-27 பருவத்திலிருந்து பெரிய அமைப்புகள் பள்ளி ஆண்டை ஒட்டி, ஆகஸ்ட் முதல் ஜூலை வரை என்ற கணக்குக்கு மாறுகின்றன. அப்போது இந்தக் குழப்பம் கொஞ்சம் குறையும்.

மின்னஞ்சல் போட்டும் பதில் வரவில்லையே என்று கலங்குபவர்கள் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் டிவிஷன் கோச் ஒருவர், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்னால் மாணவருக்குத் தனிப்பட்ட பதில் எழுதவோ, போனில் பேசவோ, இடம் தருகிறேன் என்று சொல்லவோ கூடாது. கல்லூரியின் செலவில் அழைத்துப்போய்க் காட்டுவது அந்த ஆகஸ்ட் 1க்குப் பிறகுதான். 2019இல் வந்த விதி இது. அதற்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பெண்களிடம் வாய்மொழி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஜூன் 15க்கு முந்தைய மௌனத்துக்குப் பொருள் கிடையாது. ஜூலை முழுக்க மௌனம் நீடித்தால் அதற்குப் பொருள் உண்டு. அதை ஏற்றுக்கொண்டு பட்டியலில் அடுத்த கல்லூரிகளைப் பார்க்க வேண்டும்.

இந்த விதியில் ஒரு சந்து இருக்கிறது. தனிப்பட்ட கடிதம் எழுதத்தான் தடை. கோச் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஆடவைத்துப் பார்க்கும் ‘ஐடி கேம்ப்’புக்கு அழைப்பு அனுப்ப எந்த வயதிலும் தடையில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஊரே கேள்விப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து “உன் ஆட்டத்தைக் கவனித்தோம், எங்கள் கேம்ப்புக்கு வா” என்று மடல் வரும். வீட்டில் ஸ்வீட் வாங்கிவிடுவார்கள். இந்த மடல்கள் போகும் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை நான் அலுவலகத்திலேயே பார்த்தவள். போட்டி நடத்துபவர்கள் தரும் ஆட்டக்காரர் பட்டியல், கல்லூரித் தளத்தில் பிள்ளைகள் நிரப்பும் படிவம், இரண்டையும் சேர்த்து ஒரே சொடுக்கில் ஆயிரக்கணக்கில் போகும். கேம்ப் கட்டணத்திலிருந்துதான் பல இடங்களில் துணைக் கோச்சுகளின் சம்பளக் குறை ஈடாகிறது. இத்தனையும் தெரிந்த நானே, என் மகளுக்கு அப்படி மடல் வந்தபோது மூன்று கேம்ப்புக்குப் பணம் கட்டினேன். மூன்றாவதில் 140 பிள்ளைகள் வரிசையில் நின்றதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. கேம்ப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோச் பிள்ளையின் பெயரைச் சொல்லி, எந்த ஆட்டத்தில் என்ன பார்த்தார் என்று கிளப் கோச்சிடம் சொல்லியிருந்தால் போகலாம். சிறிய கல்லூரிகள் பலவற்றில் கேம்ப்தான் உண்மையான தேர்வாகவும் இருக்கிறது.

இனி பணம். இதை வாய்விட்டுப் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். பிளேனோ அப்பா பிறகு எனக்குத் தெரிந்தவராகிவிட்டார். அவர் ஒரு விரிதாளில் எழுதி வைத்திருந்த கணக்கில், ஓர் ஆண்டுக்கான கிளப் கட்டணம், சீருடை, வெளிமாநில ஷோகேஸ் நான்கு, விமானம், வாடகைக் கார், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 11,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஹோட்டலில் ஒரு கொக்கி வேறு. பல போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் அணி தங்க வேண்டும், இல்லையென்றால் அணிக்கு இடமில்லை. மலிவான அறை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் போக முடியாது. அவரிடம், “எதுக்காக இவ்வளவு?” என்று கேட்டேன். “ஸ்காலர்ஷிப் வந்தா எல்லாம் திரும்பி வந்துரும்ல,” என்றார்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பள்ளியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அணி எதிலாவது இடம்பெறுபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு பேர். முதல் டிவிஷனுக்குப் போவது ஒருவர், அல்லது இருவர். அங்கும் முழு ஸ்காலர்ஷிப் அரிது. 2025 வரை முதல் டிவிஷன் ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தம் 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14 என்பது உச்சவரம்பு. அதைத்தான் கோச் கூறுபோட்டுப் பங்கிடுவார். 9.9ஐ 28 பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். அந்த உச்சவரம்பு அளவுக்கே பணம் ஒதுக்காத கல்லூரிகளும் ஏராளம். ஆண்களைவிடப் பெண்களுக்கு எண்ணிக்கை கூடுதலாக இருப்பதற்குப் பின்னால், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் நைன் சட்டம் இருக்கிறது. ஆண்கள் பக்கம் அமெரிக்கன் ஃபுட்பால் பெரும் பங்கை விழுங்கிவிடுவதால், சமன் செய்ய மற்ற ஆட்டங்களில் பெண்களுக்குக் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

கல்லூரி ஆட்டக்காரர்கள் வருமானத்தில் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் தீர்வுக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து ஆட்டமே மாறியிருக்கிறது. அதில் சேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற ஆள்வரம்பு வந்துவிட்டது. “அப்போ 28 பேருக்கும் முழுப் பணமா?” என்று ஒரு அம்மா ஆவலோடு கேட்டார். கொடுக்கலாம் என்கிறது விதி. கொடுக்கப் பணம் வேண்டுமே. அதே தீர்வின்படி கல்லூரிகள் ஆட்டக்காரர்களோடு பங்கிட்டுக்கொள்ளக்கூடிய வருமானம் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. கால்பந்துக்கு நடந்தது, முன்பு 32, 34 பேரை வைத்திருந்த அணிகள் ஆளைக் குறைத்ததுதான். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் ‘வாக்-ஆன்’ வழி குறுகிவிட்டது.

பையன்களுக்கு இன்னும் இரண்டு முட்டுக்கட்டைகள் இருக்கின்றன. முதல் டிவிஷன் ஆண்கள் அணிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐரோப்பிய கிளப் அகாடமியில் வளர்ந்து, 20 வயதில் முதலாண்டு சேர்பவனோடு உங்கள் 17 வயதுப் பையன் போட்டி போடுகிறான். அப்புறம், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்டல். 2018இல் வந்த இந்த ஏற்பாட்டால், வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிப் பழகியவனைக் கோச் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துவிடுகிறார். பையனை வைத்திருக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் என்னை ராசியில்லாதவளைப் போலப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

பிள்ளையின் கிளப் எந்த லீக்கில் ஆடுகிறது, சட்டையில் எந்த லீக்கின் பேட்ஜ் என்ற சண்டை தனிக் கதை. 2007இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற லீக் 2020இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் பையன்களுக்கு எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்டும் பெண்களுக்கு கேர்ள்ஸ் அகாடமியும் வந்தன. 2009இல் பெண்களுக்காகத் தொடங்கி, 2017இல் பையன்களையும் சேர்த்துக்கொண்ட ஈ.சி.என்.எல். என்ற லீக் வேறு இருக்கிறது. முதல் டிவிஷன் கனவு இருந்தால் பேட்ஜ் முக்கியம்தான், கோச்சுகள் அங்கேதான் அதிகம் உட்காருகிறார்கள். ஆனால் பேட்ஜுக்காகப் பெரிய அணியில் சேர்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் பார்க்கப்போவதில்லை. கோச் ஒரு ஆட்டத்தில் தங்குவது பதினைந்து இருபது நிமிடம். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை களத்தில் இருக்க வேண்டும், அதுவும் அவள் வழக்கமாக ஆடும் இடத்தில்.

என் பழைய மேசைக்கு வருகிறேன். நம் குடும்பங்கள் தங்கள் கையில் இருக்கும் மதிப்பெண்களின் அருமை தெரியாமல் வீணடிப்பது இங்கேதான். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத மூன்றாம் டிவிஷனில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீக் முதல் டிவிஷனில் இருந்தாலும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. இவற்றில் கோச் தரக்கூடியது அட்மிஷனில் ஓர் ஆதரவு. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் சில பெயர்களை, மதிப்பெண் பட்டியலோடு எங்களுக்கு அனுப்புவார். அதை ‘ப்ரீ-ரீட்’ என்பார்கள். எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம், மதிப்பெண் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு போடுவோம். களத்தில் கோச் கொண்டாடிய எத்தனையோ பெண்களுக்கு நான் சிவப்பு போட்டிருக்கிறேன். ஷோகேஸுக்காக வெள்ளிக்கிழமைகளில் வகுப்பைத் தவறவிட்டு, கணிதத்தில் பி, சி என்று சரிந்தவர்கள் அதில் பலர். பச்சை கிடைத்தாலும் அது அனுமதி ஆகிவிடாது. ஆனால் கோச்சின் ஆதரவும் சேர்ந்தால் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

பிளேனோ பெண்ணுக்கு மதிப்பெண் நன்றாக இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் வெளிமாநிலப் பயணத்தை இரண்டாகக் குறைத்தார்கள். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடியதை அவள் அப்போதுதான் வீட்டில் சொன்னாள். கோச்சுகள் வருகிற வாரம் என்றால் எந்தப் பிள்ளையும் வலியைச் சொல்லாது, பெற்றோர்தான் கேட்க வேண்டும். மின்னஞ்சல்களை அவளே எழுதினாள். முதல் கடிதத்தில் கல்லூரிப் பெயரை மாற்ற மறந்து வேறு கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள், அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்குத்தான் முதல் பதில் வந்தது.

கடைசியில் இரண்டு கடிதங்கள் மேசையில் இருந்தன. இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்று ஆண்டுக்கு 6,000 டாலர் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தந்தது. மூன்றாம் டிவிஷன் கல்லூரி ஒன்று விளையாட்டுக்கு ஒரு காசும் தரவில்லை, படிப்புக்காக ஆண்டுக்கு 24,000 தந்தது. அந்த அப்பா உடனே பெரிய எண்ணைக் காட்டி முடிவு சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இரண்டாவதன் கட்டணமும் அதற்கேற்ப அதிகம். கையிலிருந்து கடைசியில் எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நிகரச் செலவுக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசின் கட்டாயம். இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். வித்தியாசம் ஆண்டுக்கு 2,300 டாலர்தான் வந்தது.

அவர் கணினியை விட்டு நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “கால் ஒடிஞ்சு ஒரு பந்துகூட தொட முடியலைன்னா எந்தக் காலேஜ்ல இருப்ப?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவள் யோசிக்காமல் மூன்றாம் டிவிஷன் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். அங்கே நல்ல கடல் உயிரியல் ஆய்வகம் இருக்கிறதாம்.