இருட்டை அளக்கும் கள்ளி

ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர்ல ஊட்டி போனப்ப ஒரு கிறிஸ்துமஸ் கள்ளி வாங்கிட்டு வந்தோம். அப்ப தொட்டி நிறையப் பூ. இங்க வந்து நல்லாப் பச்சையா வளருது, ஆனா ஒரு மொட்டுகூட வைக்கல. ஹால்ல டிவிக்குப் பக்கத்துலதான் இருக்கு. கள்ளியை வீட்டுக்குள்ள வெச்சதே ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. உரம் ஏதாவது போடணுமா?"

உரம் வேண்டாம். உங்கள் ஹாலில் அந்தச் செடிக்கு இரவு போதவில்லை, அவ்வளவுதான்.

கள்ளி என்றதும் நம் ஊர்ப் பொட்டலில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இதன் சொந்த ஊர் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய மலைக்காடு. மேகம் தவழும் அந்தக் காட்டில் மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் தொற்றி வளரும். இலை மாதிரித் தெரிவதெல்லாம் தட்டையான தண்டுதான். பள்ளியில் 'இலைத்தொழில் தண்டு' என்று படித்திருப்பீர்கள். அதனால் சுள்ளென்ற வெயில் ஆகாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு, ஆற்று மணல், உடைத்த செங்கல் கலந்து வைத்தால் போதும். நம் கடலோரத்தில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரை ஊற்றாமல், பிடித்து வைத்த மழைநீரைக் கொடுங்கள்.

சரி, பூவுக்கு வருவோம்.

1918 கோடையில் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அலார்டும் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், கோடையில் பூக்கவே பூக்காது. சத்து, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு இருட்டுக் கொட்டகை கட்டினார்கள். பின்மதியம் தொட்டியை உள்ளே வைப்பார்கள், மறுநாள் காலை வெளியே எடுப்பார்கள். செடி பூத்தது! 1920-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். பகல், இரவின் நீளத்தைப் பார்த்துச் செடி பூக்கும் விதத்தைச் சொல்லும் 'ஒளிக்காலத்துவம்' என்ற பாடம் பிறந்தது அப்படித்தான்.

பகல் குறைவதைத்தான் செடி கவனிக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். 1938-ல் ஹாம்னர், போனர் என்ற இருவர் வேறொரு செடிக்கு நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பூ நின்றுபோனது. பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் ஒன்றும் ஆகவில்லை. ஆக, செடி அளப்பது இருட்டை, அதுவும் இடையில் அறுபடாத இருட்டை.

எப்படி அளக்கிறது? எனக்கு எத்தனை தடவை படித்தாலும் அலுக்காத இடம் இது. செடியின் உடலில் பைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு உருவம். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டால் 'விழித்த' உருவத்துக்கு மாறும். நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பு பட்டால் 'உறங்கும்' உருவத்துக்குத் திரும்பும். 1952-ல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு லெட்டூஸ் கீரை விதைகளுக்கு இந்த இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டியது. கடைசியாகப் பட்டது சிவப்பென்றால் முளைத்தது, தொலைச்சிவப்பென்றால் பெரும்பாலும் முளைக்கவில்லை. முன்னால் எத்தனை தடவை காட்டினாலும் கணக்கில் வராது. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் போலத்தான்.

பொழுது சாய்ந்ததும் விழித்த உருவம் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். செடிக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரமும் கூடவே நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'இது நடு இரவு' என்று கடிகாரம் சொல்லும் நேரத்தில் ஒளி பட்டால், பைட்டோகுரோம் மறுபடி விழித்துக்கொள்ளும். இரவு சின்னது, இன்னும் கோடைதான் என்று செடி முடிவு கட்டிவிடும். உங்கள் ஹாலில் பத்து மணி வரை எரியும் டியூப்லைட்டில் அந்தச் சிவப்பு போதுமான அளவு இருக்கிறது, செடிக்கு இருட்டு தொடங்குவதே பத்து மணிக்குத்தான்.

விளக்கே இல்லாவிட்டாலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கள்ளிக்குச் சுமார் 13 மணி நேரம் தொடர்ந்த இருட்டு வேண்டும். ராமேசுவரத்தில் மார்கழியின் மிக நீண்ட இரவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம்தான். ஊட்டியில் மட்டும் எப்படிப் பூத்தது? அங்கே குளிர் கைகொடுக்கிறது. 10 முதல் 15 டிகிரிக் குளிர் கிடைத்தால் இரவின் நீளத்தைப் பெரிதாகப் பார்க்காமலே மொட்டு வைத்துவிடும். பாம்பன் பக்கம் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது.

ஓசூர்ப் பக்கம் செவ்வந்தி போடும் விவசாயிகள் இரவில் பல்பு எரித்துப் பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதே அறிவால்தான். ஒரு புகையிலைச் செடி ஏன் பூக்கவில்லை என்ற கேள்விக்கு அன்று ஒரு அரசு சம்பளமும் கொட்டகையும் கொடுத்தது. 'இதனால் உடனே என்ன லாபம்' என்று முதல் வரியிலேயே கேட்டால் இப்படிப்பட்ட ஆராய்ச்சி நடக்காது. நம் கல்லூரித் தாவரவியல் துறைகளுக்கும் அந்த மாதிரிப் பணமும் பொறுமையும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். பிரம்ம கமலம் என்று நம் வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடுகிறோமே, இரவில் வெள்ளையாக விரியும் நிஷாகந்தி, அதுவும் கள்ளிக் குடும்பம்தான். இந்தச் செடிக்குத் தூரத்துச் சொந்தம்.

இனி செய்ய வேண்டியது. பருவமழை பிடித்து ராத்திரி கொஞ்சம் குளிர ஆரம்பித்ததும், மாலை 5 மணிக்குச் செடியை ஒரு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 8 மணிக்குத் திறங்கள். ஆறு முதல் எட்டு வாரம், ஒரு நாளும் தவறக் கூடாது. ஏசி அறை இருந்தால் ராத்திரி அங்கே வைத்துக்கொள்ளுங்கள், வெப்பம் குறையக் குறைய நல்லது. மண்டபம் ஊரில் என் வீட்டில் முதல் வருடம் மூடிய பெட்டியில் ஒரு மூலை கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கிழிசல் பக்கம் இருந்த கிளைகளில் ஒன்றுமில்லை. சுவர்ப்பக்கக் கிளைகளில் ஐந்து மொட்டு. செடி முழுவதும் ஒரே முடிவை எடுக்கவில்லை, ஒவ்வொரு கிளையும் தனக்குக் கிடைத்த இருட்டைத் தானே அளந்திருக்கிறது!

ஊட்டிச் செடி போல இங்கே குலுங்காது. கிறிஸ்துமஸுக்குள் பூக்கும் என்றும் சொல்ல மாட்டேன், தை பிறந்துவிடலாம். தண்டின் நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புதுத் தண்டு வருவதானால் தட்டையாகப் பச்சையாக எட்டிப்பார்க்கும். மொட்டென்றால் மிளகைவிடச் சின்னதாக, உருண்டையாக, லேசாகச் சிவந்திருக்கும். அதற்கப்புறம் பெட்டி தேவையில்லை. தொட்டியை மட்டும் இடம் மாற்றாதீர்கள், மொட்டை உதிர்த்துவிடும். பூத்ததும் எந்தக் கிளை முதலில் பூத்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.